வாசலுக்கு வரும் மூன்று பேர்

என் கணவர் கடற்படையில் போர் விமானம் ஓட்டி, பிறகு கப்பல் ஓட்டி, கடைசியில் அட்மிரல் ஆகி ஓய்வு பெற்றவர். இதைச் சொன்னதும் கேட்பவர்களின் முதுகு கொஞ்சம் நிமிரும். எங்கள் கட்டடத்து வாசலில் காவலிருக்கும் தர்வான் இன்றைக்கும் அவரைக் கண்டால் பீடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறான். நான் அப்படியெல்லாம் நிமிர்ந்ததில்லை. முற்றின முருங்கைக்காய்க்கும் பிஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாமல் பை நிறைய வாங்கி வருகிற ஒருவரை, அட்மிரல் என்பதற்காக நான் ஏன் மன்னிக்க வேண்டும்?

நாங்கள் இருவருமே கல்கத்தாவில் வளர்ந்தவர்கள். என் அப்பா வங்கி அதிகாரி, எங்கள் வீடு லேக் மார்க்கெட் பக்கம். அவருடைய அப்பா ரயில்வே, அவர்கள் இருந்தது பெஹாலாவில். ஓய்வுக்குப் பிறகு அவருடன் இருந்தவர்கள் எல்லாம் புனே, கோவா, நொய்டா என்று போனபோது இவர் கல்கத்தா என்றார். நான் மறுக்கவில்லை. லேக் மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில், மூன்றாவது மாடியில் வீடு வாங்கினோம். ஊருக்குப் பெயர் மாறி எவ்வளவோ காலமாகியும் எங்கள் வாயில் இன்னும் கல்கத்தாதான் வருகிறது.

எங்களுக்கு ஒரே பெண். அவளும் கடற்படையில் விமானி. கொச்சியில் இருக்கிறாள். கடல் மேல் பறந்து கண்காணிக்கிற விமானம் ஓட்டுகிறாள். போன வருடம் துர்கா பூஜைக்கு முன்னால் அவளுக்கு இரண்டு வழி திறந்தது. ஒன்று, டெல்லியில் தலைமையகத்தில் மேஜை வேலை. இன்னொன்று, கொச்சியிலேயே இருந்து, புதிதாக வரும் விமானிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பது. எது வேண்டும் என்று அவள் சொல்ல வேண்டும். போனில் கூப்பிட்டாள்.

"முடிவு நான்தான் எடுப்பேன். ஆனா உங்க ரெண்டு பேர் மனசுல என்ன இருக்குன்னு தெரியாம எடுக்க மாட்டேன். பேசிட்டுச் சொல்லுங்க."

என் மனதில் என்ன இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டெல்லி. மேஜை, நாற்காலி, ஏசி, மாலை ஆறு மணிக்கு வீடு. எட்டு வருடமாக நான் வேண்டிக்கொண்டது இதைத்தான். அவரும் சேர்ந்து ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அப்பா பேச்சு அவளுக்கு வேதம். ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. "அவ இஷ்டம்" என்பார், வாக்கிங் ஷூவை மாட்டிக்கொள்வார், லேக் ஏரியைச் சுற்றி நடக்கப் போய்விடுவார். நான் பாத்திரங்களிடம் என் வாதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாத்திரங்கள் என் பக்கம்தான் இருந்தன.

அவருக்குப் பறக்கும் பைத்தியம் பிடித்தது பெஹாலாவில். அங்கே பறக்கக் கற்றுக்கொடுக்கும் சின்னத் திடல் ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மொட்டை மாடிக்கு ஏறி, குட்டி விமானங்கள் எழும்புவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டு நிற்பாராம். பையன் தன்னைப் போல ரயில்வேயில் நுழைந்துவிட வேண்டும் என்று மாமனாருக்கு ஆசை. பையன் கடற்படைத் தேர்வு எழுதினான். கடற்படை என்றால் கப்பல், கப்பல் என்றால் மிதக்கிற சமாச்சாரம், உயரத்திலிருந்து விழ வழியில்லை என்று வீட்டில் மனசைத் தேற்றிக்கொண்டார்கள். கடற்படையிலும் விமானம் உண்டு என்பதை அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பெண் பார்க்க வந்தபோது என்னிடமும் சொல்லவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு, ஒரு நாள் லேக் ஓரமாக நடக்கும்போதுதான் சொன்னார். அப்போது எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. ஆள் நேரம் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

கப்பல் மேல் விமானம் எப்படி இறங்கும் என்று அன்றைக்கு விளக்கினார். மேல்தளத்தில் குறுக்கே கனமான கம்பிகளை இழுத்துக் கட்டியிருப்பார்கள். விமானத்தின் வால் பக்கம் ஒரு கொக்கி தொங்கும். கொக்கி கம்பியில் மாட்டினால் விமானம் நிற்கும். மாட்டாவிட்டால் தளம் முடிந்துவிடும், அதற்கு அப்பால் கடல்தான். அதனால் சக்கரம் தளத்தைத் தொடுகிற அந்த நொடியில் விமானி இன்ஜினைக் குறைக்க மாட்டான். முழு வேகத்துக்குத் தள்ளுவான். கொக்கி தவறினாலும் மறுபடி எழும்பிப் போய்விடலாம்.

"இறங்கறப்பவே கிளம்பத் தயாரா இருக்கணும். அதுதான் விஷயம்" என்றார்.

"பயமா இருக்காதா?" என்று கேட்டேன்.

"அதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் அப்படியே நம்பினேன். இவர் பயமில்லாதவர் என்று அன்றைக்கே மனதில் எழுதிக்கொண்டுவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. குடித்தனத்திலும் அவர் இறங்கும்போதே கிளம்பத் தயாராகத்தான் இருந்தார். வருவார், பெட்டியை வைப்பார், ரசம் சாதம் சாப்பிட்டு, குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார், அதற்குள் மறுபடி கப்பல் கூப்பிட்டுவிடும்.

கல்யாணமான புதிதில் எங்களுக்குக் கோவா. விமானிகள் குடியிருப்பில் வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். அங்கே இருந்த பெண்களுக்கு, யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே ஒரு விஷயம் தெரியும். விபத்து நடந்தால் போன் வராது. எக்ஸ்சேஞ்சில் எல்லா அழைப்புகளையும் நிறுத்திவிடுவார்கள், வீட்டுக்காரிக்குத் தெரிவதற்கு முன்னால் ஊருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. அதற்குப் பதிலாக ஒரு கார் வரும். காரிலிருந்து மூன்று பேர் இறங்குவார்கள். வெள்ளை உடுப்பில் படைப்பிரிவின் தலைவர், கையில் பையுடன் டாக்டர், புடவையில் தலைவரின் மனைவி. இந்த மூன்று பேரும் சேர்ந்து வேறு எதற்காகவும் ஒரு வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

போனை எடுத்துப் பார்த்து அதில் சத்தமில்லை என்றால் நாங்கள் எல்லோரும் ஜன்னலுக்குப் போய்விடுவோம். கார் எந்த வளைவில் திரும்புகிறது என்று பார்ப்போம். நம் வீட்டைத் தாண்டிப் போனால் உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவும். அது எவ்வளவு கேவலமான நிம்மதி என்று அடுத்த நிமிஷம் உறைக்கும். பிறகு நாமும் அந்த வீட்டுக்குத்தான் ஓடுவோம்.

அவர் படைப்பிரிவுக்குத் தலைவரானபோது, காரில் போகும் அந்தப் புடவைக்காரி நான் ஆனேன். முதல் தடவை போகும்போது வழியில் அவர் எனக்கு ஒரே ஒரு விதி சொன்னார். கதவு திறந்ததும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். விபத்து என்று ஆரம்பிக்கக்கூடாது, காணவில்லை என்று இழுக்கக்கூடாது, தைரியமாக இரு என்று சுற்றி வளைக்கக்கூடாது. இறந்துவிட்டார் என்ற வார்த்தையை உடனே சொல்ல வேண்டும். "ஒரு வாக்கியம் தள்ளிப்போட்டா அந்த இடைவெளியில நம்பிக்கை முளைச்சிடும். அப்புறம் அதையும் நாமதான் கொல்லணும்" என்றார்.

மழைக்காலம். நாங்கள் போன வீட்டுப் பெண் பஞ்சாபி, வயது என்னைவிடக் குறைவு. நாங்கள் படியேறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். கதவைத் திறப்பதற்கு முன்னால் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். திறந்ததும் அவரைப் பேசவே விடவில்லை. நிதானமாக, வழி தப்பி வந்தவர்களுக்குச் சொல்வது போல, "நீங்கள் வீடு மாறி வந்திருக்கிறீர்கள், பக்கத்து வீடாக இருக்கும்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இவர் அசையவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னார். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ளத்தானே என்னைக் கூட்டிப்போனார்கள்.

திரும்பி வரும்போது காரில் அவர் டிரைவரிடம், பிரேக் சத்தம் போடுகிறதே, எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. எப்படி இப்படி இருக்க முடிகிறது என்று வீட்டில் கேட்டதற்கு, "நாளைக்கு மத்தவங்க பறக்கணுமே" என்றார். கல் மனசு என்று முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு வேறு வீடுகளுக்கும் போனோம். எல்லா வீட்டிலும் பெண்கள் முதலில் அடுப்பைத்தான் அணைத்தார்கள்.

அட்மிரல் ஆக வேண்டுமானால் விமானி கப்பலையும் ஓட்டிக் காட்ட வேண்டும். அதையும் செய்தார். ஒரு போர்க்கப்பலுக்குத் தலைவராக இருந்தார். பிறகு டெல்லி, பிறகு விசாகப்பட்டினம், மறுபடி டெல்லி. காரில் நட்சத்திரப் பலகை வந்தது, வீட்டு வாசலில் காவல்காரர் வந்தார். பறப்பது மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. அவர் கடைசியாகப் பறந்துவிட்டு வந்த அன்று முகம் தொங்கிப்போயிருந்தது. நான் பால் பாயசம் வைத்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

அத்தோடு என் வாழ்க்கையில் விமானம் முடிந்தது என்று நினைத்தேன். கல்கத்தா வந்து சேர்ந்தோம். பெண் படிப்பு முடித்து, சால்ட் லேக்கில் செக்டார் ஃபைவில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் டப்பா கட்டிக் கொடுத்தால் மாலையில் காலி டப்பாவோடு வருவாள். நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே கிடையாது. அப்பாவும் பெண்ணும் விடியற்காலையில் லேக்கைச் சுற்றி ஓடுவார்கள். உடம்பு இளைக்க ஓடுகிறார்கள் என்று நம்பி, நான் தோசைக்கு எண்ணெயைக் குறைத்துக்கொண்டிருந்தேன். அது கடற்படைத் தேர்வுக்கான ஓட்டம் என்பது அவள் தேர்வாகி வந்து சொன்ன அன்றுதான் தெரிந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று அவரைக் கேட்டேன்.

"தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லலை?"

"மா, ப்ளீஸ், ஆரம்பிக்காதே" என்றாள் பெண்.

நான் ஆரம்பித்தேன். சீக்கிரத்தில் முடிக்கவும் இல்லை. அவள் எல்லா வருடமும் லீவில் வந்து போனாள். என்னோடு புடவை, சினிமா, பௌதி என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணின் மீன் குழம்பு என்று எல்லாம் பேசுவாள். விமானத்தைப் பற்றி மட்டும் என்னிடம் பேச மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். அது அப்பாவும் பெண்ணும் பால்கனியில் பேசுகிற விஷயம்.

இந்த நிலைமையில்தான் அந்தக் காலை வந்தது.

பூஜை முடிந்திருந்தது. எங்கள் தெருவில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூங்கில்கள் தெருவோரம் குவிந்து கிடந்தன. அவர் வழக்கம் போல லேக்குக்குப் போயிருந்தார். வாக்கிங்குக்குப் போன் எடுத்துக்கொண்டு போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. நான் அடுப்பில் சாம்பாரைக் கொதிக்க வைத்துவிட்டு, துணி உலர்த்த பால்கனிக்கு வந்தேன்.

கீழே ஒரு வெள்ளைக் கார் மூங்கில் குவியலைத் தாண்ட முடியாமல் நின்றது. நம்பர் பலகையில் மேல் நோக்கிய அம்புக்குறி. ராணுவ வண்டி. முன் கதவு திறந்து வெள்ளை உடுப்பில் ஒரு அதிகாரி இறங்கினார். பின் கதவிலிருந்து இன்னொருவர், கையில் ஒரு பையுடன். அவருக்குப் பின்னால் புடவையில் ஒரு பெண்.

மூன்று பேர். எங்கள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

நான் உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். அணைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்குப் புரிந்தது. பெண்ணுக்குப் போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி செய்தேன், மறுபடியும் செய்தேன். பறக்கப் போகும்போது அவர்கள் போனை அணைத்து வைத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும், ஆனால் தெரிந்தது எதுவும் அப்போது உதவவில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. வீடு பூட்டியிருக்கிறது என்று நினைத்து அவர்கள் திரும்பிப் போய்விட்டால் என் பெண் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பாள் என்று தோன்றியது. எழுபதை நெருங்குகிற ஒரு பொம்பிளை, அத்தனை வீடுகளுக்குப் போய் வந்தவள், அப்படித்தான் நினைத்தேன்.

மணி அடித்தது. திறந்தேன்.

"யார் சொல்லப்போறீங்க?" என்று இங்கிலீஷில் கேட்டேன். "முதல் வாக்கியத்துலயே சொல்லுங்க. இழுக்காதீங்க."

முன்னால் நின்ற அதிகாரி விழித்தார். "மேடம், அட்மிரல் சார் இருக்காரா?" என்றார்.

"என்கிட்ட சொல்லுங்க. நான் அவளோட அம்மா."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண்ணுக்குத்தான் புரிந்தது. அவள் பார்வை என் முகத்திலிருந்து சுவரில் மாட்டியிருந்த போட்டோவுக்குப் போனது. அதில் என் பெண் விமானி உடுப்பில் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. புருஷனை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "இல்லை மேடம், இல்லை. யாருக்கும் எதுவும் இல்லை. நாங்கள் விருந்துக்கு அழைக்க வந்தோம். வேறு ஒன்றுமே இல்லை" என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிச் சொன்னாள்.

இங்கே புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் அதிகாரி அவர். ஓய்வு பெற்றவர்களுக்கான விருந்துக்கு மூத்தவர்களை நேரில் போய் அழைக்க வேண்டும் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். வாழ்நாள் முழுக்கக் கப்பலில் இருந்தவர், விமானிகள் குடியிருப்பு பக்கம் போனதில்லை. எங்களுக்கு ஒரு பெண் இருப்பதோ, அவள் பறப்பதோ அவருக்குத் தெரியாது. பையோடு வந்தவர் டாக்டர் இல்லை, அவருக்குக் கீழே வேலை செய்கிற இளைஞர். பையில் இருந்தது சந்தேஷ், வங்காளத்துப் பால் இனிப்பு.

நான் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் எனக்கு வந்தது நிம்மதி இல்லை, ஆத்திரம். விமானி இருக்கிற வீட்டுக்கு, போன் செய்யாமல், வெள்ளை உடுப்பில், இந்த மாதிரி மூன்று பேராக வரக்கூடாது என்று உங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையா என்று கேட்டேன். இரண்டு அதிகாரிகளும் பரீட்சையில் தோற்ற பிள்ளைகளைப் போல நின்றார்கள். வீட்டுக்கு வந்தவர்களை நிற்கவைத்துத் திட்டுகிறோமே என்று பிறகு உறைத்தது. உட்காரச் சொல்லி, முகம் கழுவிக்கொண்டு, காபி கலந்தேன். டிகாஷனில் பாதி மேடையில் கொட்டிற்று.

"சார் எப்போது வருவார்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

இந்நேரம் வந்திருக்க வேண்டுமே என்று பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன்.

அவர் வந்துதான் இருந்தார். எதிர்ப்பக்க நடைபாதையில், இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் மார்க்கெட் பை, அதில் கறிவேப்பிலை எட்டிப் பார்த்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது காரின் நம்பர் பலகையை. ரிக்‌ஷாக்காரர் மணியடித்துத் தாண்டிப் போனார், மூங்கில் ஏற்றுகிறவர்கள் விலகச் சொல்லிக் கத்தினார்கள். அவர் நகரவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"மேல வாங்க. ஒண்ணுமில்ல" என்று கூப்பிட்டேன்.

அண்ணாந்து பார்த்தார். அழுது வீங்கின என் முகம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலையைத் தாழ்த்திக்கொண்டார். வரவில்லை.

நாற்பது வருடத்துக்கு மேல் நான் இந்த மனிதரோடு வாழ்ந்திருக்கிறேன். அவர் ஒரு இடத்துக்குப் போகப் பயந்து நின்று நான் பார்த்ததே இல்லை. எத்தனை கதவுகளுக்கு முன்னால் முதல் ஆளாக நின்ற மனிதர், தன் வீட்டுக் கதவுக்கு வர முடியாமல் தெருவில் நிற்கிறார். எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. முழங்கால் வலியை மறந்து மூன்று மாடியும் இறங்கி ஓடினேன். தெருவைக் கடந்து அவர் முன்னால் போய் நின்று, மூச்சு வாங்குவதற்கு முன்னால் சொன்னேன்.

"நம்ம பொண்ணு உயிரோட இருக்கா."

அவர் என் முகத்தையே பார்த்தார். "பேசினியா?"

"இல்ல. போன் ஆஃப்ல இருக்கு."

"அப்ப எப்படித் தெரியும்?"

"ஸ்வீட் கொண்டு வந்திருக்காங்க. விருந்துக்குக் கூப்பிட வந்தாங்களாம்."

அவர் அப்படியே மூங்கில் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். பையை மடியில் வைத்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணீர் மட்டும் வழிந்தது, அதைத் துடைக்க வேண்டும் என்று கூட அவருக்குத் தோன்றவில்லை. இஸ்திரிக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் நாங்கள் கை பிடித்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மேலே போனதும் அவர் பழையபடி அட்மிரல் ஆகிவிட்டார். முதுகு நிமிர்ந்தது, அந்த இளைஞரை எந்தக் கப்பல் என்று விசாரித்தார், ஒரு சந்தேஷைப் பாதியாக்கிச் சாப்பிட்டார். விருந்துக்கு வருகிறோம் என்றார். அவர்கள் போகும்வரை குரல் பிசகவில்லை. அந்தப் பெண் மட்டும் வாசலில் என்னை ஒரு தடவை கட்டிப் பிடித்துவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து நான் நேராகக் கேட்டேன்.

"உங்களுக்குப் பயம் உண்டா?"

"உண்டு" என்றார்.

"எப்போலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து. ஒவ்வொரு தடவை கப்பல் டெக்குல இறங்கறதுக்கு முன்னாலயும் பயம்தான். அந்த வீடுகளுக்குப் போறப்பவும்தான். ஏதாவது பேசாட்டி கத்திடுவேனோன்னு டிரைவர்கிட்ட பிரேக்கைப் பத்திக் கேப்பேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ நிறுத்தச் சொல்லுவே." காலி காபி டம்ளர்களை ஒன்றாகச் சேர்த்து வைத்தார். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன். நீ சொல்லவே இல்லையே."

"நீங்க பயப்படறீங்கன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்."

இதைச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் வாயைத் திறப்பார் என்று நானும், நான் கேட்பேன் என்று அவருமாக இத்தனை காலத்தை ஓட்டியிருக்கிறோம். எனக்கு வயிறு எரிந்தது. அவர் மேலும் எரிந்தது, என் மேலும் எரிந்தது.

"டெல்லிக்கே போகச் சொல்லிடறேன் அவளை. நான் சொன்னாக் கேப்பா" என்றார்.

ஒரு மாதமாக நான் எதற்காகச் சண்டை போட்டேனோ அந்த வார்த்தை. அது கைக்கு வந்தபோது எனக்கு வேண்டியிருக்கவில்லை. இவர் பயந்து போய் உத்தரவு போடுவார், பயத்தைச் சொல்லமாட்டார். அவள் அப்பா பேச்சுக்குக் கட்டுப்பட்டு டெல்லிக்குப் போவாள், அவள் மனதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவள் நாற்பது வருடம் கழித்து யாரிடமோ இதே மாதிரி உட்கார்ந்து கணக்குத் தீர்த்துக்கொண்டிருப்பாள்.

"உத்தரவெல்லாம் போடாதீங்க. முதல்ல நான் அவளை ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். பக்கத்து வீட்டில் விளக்கேற்றிச் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தேன். அவர் எதிரே பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். படிக்கவில்லை.

"என்னம்மா, இவ்வளவு மிஸ்டு கால்? நான் ஃப்ளையிங்ல இருந்தேன்."

நடந்ததைச் சொன்னேன். கார் வந்ததை, நான் கதவைத் திறந்ததை. அவர் தெருவில் நின்றதை மட்டும் சொல்லவில்லை, அது அவர் சொல்ல வேண்டியது. அவள் "ஐயோ மா" என்றாள்.

"உன்னை ஒண்ணு கேக்கறேன். உனக்குப் பறக்கறப்போ பயமா இருக்குமா?"

அவளைச் சுற்றி யாரோ இந்தியில் சிரித்துப் பேசும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் எங்கேயோ நடந்து போனாள், கதவு ஒன்று சாத்திக்கொண்டது, சத்தம் நின்றது.

"இருக்கும்மா" என்றாள். "மேகம் மூடி, தண்ணி எங்கே வானம் எங்கேன்னு தெரியாம தாழப் பறக்கறப்போ ரொம்ப இருக்கும். இறங்கினப்புறம் கை நடுங்கும். யாரும் பார்க்கக்கூடாதுன்னு பாக்கெட்ல விட்டுப்பேன்."

"அப்புறமும் பறக்கணுமா?"

"பறக்கணும்னுதான் இருக்கு. டெல்லி வேணாம்மா. ஆனா புதுசா வர்றவங்களுக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்கறது? எனக்கே உள்ள இப்படி இருக்கறப்போ? அதுதான் தெரியல."

நான் கீரையை விட்டுவிட்டேன். அவள் டெல்லிக்குப் போக வேண்டும் என்றுதான் என் மனசு அப்போதும் அடித்துக்கொண்டது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

"எனக்கு நீ டெல்லிக்குப் போனாத்தான் தூக்கம் வரும்" என்றேன். "அது என் மனசு. நீ கேட்டே, சொல்லிட்டேன். ஆனா உனக்குப் பறக்கணும்னா பற. பயத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடு அவங்களுக்கு. கையைப் பாக்கெட்ல விட வேண்டாம்னு சொல்லு."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினாள்.

"மா, இதை அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே. ப்ராமிஸ் பண்ணு. அவர் முன்னாடி எனக்கு வெக்கமாயிடும். அவருக்குப் பயம்னா என்னன்னே தெரியாது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டிருந்தார். கையை நீட்டினார். நான் போனை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தெரியும்மா" என்றார். "அப்பாவுக்குத் தெரியும்."

இரண்டு பேரும் வெகு நேரம் போனை வைக்கவில்லை.